தாமரைக் கல்லும் செத்துப்போன குதிரையும்

"அரக்கிக்குப் பல்லு வரைஞ்சது ஒரு குத்தமா பாய்? அதுக்கா ஒரு மனுசனைப் புடிச்சு உள்ள போடுவாக?"

கேட்டவள் சண்முகவடிவு, போர்டு எழுதும் பூலோகத்தின் மனைவி. கேட்ட இடம் எங்கள் ஆபீஸ். தாராவியில் ஒரு தோல்பெட்டிப் பட்டறைக்கு மேலே இருக்கிறது, நிமிர்ந்தால் தலை இடிக்கும். வாசலில் 'ஜெயினுலாப்தீன், துப்பறிவாளர்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கும். எழுதியது பூலோகம்தான். அதற்குக் கீழே 'உதவியாளர் வானமாமலை' என்று என் பெயரும் வந்திருக்க வேண்டும். பலகையில் இடமில்லை என்று பாய் சொல்லிவிட்டார். பலகையில் இடம் இருந்தது. மனசில்தான் இல்லை.

"அழாம முதல்லேருந்து சொல்லும்மா," என்றார் பாய். ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ் பிடிக்கிற வேலையில் இருந்தபோது வந்த பழக்கம் அது. கிராம்பு வாயிலேயே கிடக்கும், கடிக்க மாட்டார். கடித்துவிட்டால் அவருக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

சண்முகவடிவு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். மாட்டுங்காவில் வெங்கடராமன் என்று ஒருவர், ஏதோ கம்பெனியில் சூப்பரின்டெண்டென்ட். அவர் வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல். ஊஞ்சலுக்கு நேர் கீழே தரையில் தாமரைப் பூ போட்ட ஒரு கல். அந்தக் கல்லைப் பெயர்த்து எடுக்கலாம். அதற்கடியில்தான் வீட்டம்மாளின் நகைகள் இருந்தன. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததிலிருந்து பம்பாயில் பாதிப் பேர் தரையைத் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. போன வாரம் கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் பச்சைக்கல் அட்டிகையைக் காணோம்.

"சரி தங்கச்சி, அதுக்கும் பூலோகத்துக்கும் என்ன?" என்றேன்.

"அதத்தானே அண்ணாச்சி நானும் கேக்கேன்!"

மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தாள். பூலோகம் பென்சிலில் போட்டுப் பார்த்த முதல் படம். பாறைக் குகை. நடுவில் சங்கிலி ஊஞ்சல். ஊஞ்சலில் கோரைப்பல்லோடு ஓர் அரக்கி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தில் மயில் பதக்கம் வைத்த அட்டிகை. எதிரே குதிரைமேல் ஓர் இளவரசன். ஊஞ்சலுக்கு அடியில், தரையில், எட்டு இதழ்த் தாமரைக் கல்.

"இவுக போட்ட படத்துல அந்த வீட்டு ஊஞ்சலு, அந்த வீட்டுக் கல்லு, அந்த வீட்டு அட்டிகை எல்லாம் அப்படியே இருக்காம். போன தீவாளிக்கு அந்த வாசல்ல பேர்ப்பலகை எழுதப் போயிருந்தாக. அப்பவே நோட்டம் பாத்துட்டான்னு இன்ஸ்பெக்டர் சொல்லுதாரு. முந்தாநாளு வந்து கூட்டிட்டுப் போனவுகதான். நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாகளாம். போனா வருசக்கணக்குல உள்ளதான்னு அங்க ஒரு போலீஸ்காரன் சிரிச்சிக்கிட்டே சொல்லுதான் பாய்."

"இந்தப் படம் எதுக்குப் போட்டது?"

"கையெழுத்துப் பத்திரிகைக்கு. செம்பூர்ல அனந்தநாராயணன்னு ஒரு அய்யரு நடத்துதாரு. பேரு 'பறக்கும் பாய்'."

"உங்களைப் பத்தித்தான் போல," என்றேன் பாயிடம். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கதையில என்ன இருக்கோ அதைத்தான் இவுக போடுவாக பாய். சொந்தமா ஒரு ஈயைக்கூடப் போட மாட்டாக. கதை எழுதுதவரு பேரு வால்நட்சத்திரமாம். அது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதைச் சொன்னா இன்ஸ்பெக்டரு, எழுதுனதும் வரைஞ்சதும் ஒரே ஆளுதான், ரெண்டு பேர் வச்சு ஏமாத்துதான்னு சொல்லுதாரு."

பாய் எழுந்து தொப்பியை எடுத்தார். "வால்நட்சத்திரத்தைப் பிடிச்சாத்தான் பூலோகம் வெளியில வருவான்."

"பட்டப்பகல்லயா?" என்றேன்.

"நீ குடையை எடு. வெயில் கொளுத்துது. சண்முகவடிவு, நீ போலீஸ் ஸ்டேஷன் வாசல்லயே இரும்மா, நாங்க அங்க வந்துருவோம்."

மழைக்கு முந்தின மே மாதம். பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்தும் காற்று வரவில்லை. செம்பூரில் இறங்கி, தென்னைமரம் நின்ற ஒரு பழைய வீட்டின் பின்பக்கத்து அறைக் கதவைத் தட்டினோம்.

"அனந்தநாராயணன் இல்லை," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"இல்லைன்னு சொல்றது யாரு?"

பிறகு கதவு விரற்கடை திறந்தது. மெலிந்த, கண்ணாடி போட்ட மனிதர். வலது கை விரல்களில் மூன்று நிற மை. "நீங்கள் போலீஸா?"

"போலீஸா இருந்தா தட்டியிருக்க மாட்டோம், ஒடைச்சிருப்போம்," என்றேன். அந்த ஆறுதல் அவருக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளே விட்டார்.

அறை முழுக்கத் தாள், மை, கோந்து. ஓர் ஆபீசில் குமாஸ்தா வேலை (போலீஸ் வந்துபோனதிலிருந்து லீவு), வீட்டுக்கு வந்தால் பத்திராதிபர். 'பறக்கும் பாய்' மாதம் ஒரே ஒரு பிரதிதான். எல்லாக் கதையையும் அவர் கையாலேயே அழகாக எழுதி, படம் ஒட்டி, அட்டை தைத்து அனுப்புவார். மாட்டுங்காவில் தொடங்கி வீடு வீடாகக் கைமாறித் தாராவி, செம்பூர் என்று சுற்றிவிட்டுத் திரும்ப வரும். கடைசியில் விட்டிருக்கும் வெற்றுப் பக்கங்களில் வாசகர்கள் பாராட்டோ திட்டோ எழுதி வைப்பார்கள். இந்த மாத இதழிலிருந்து போலீஸ் படத்தை மட்டும் கிழித்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்திருந்தது.

"வால்நட்சத்திரம் கையால எழுதினது இருக்கா?" என்றார் பாய்.

"இருக்காது சார். நான் எழுதி முடிச்ச உடனே மூலத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டுடுவேன். பொம்மனாட்டிகளும் எழுதறா பாருங்கோ. கையெழுத்தை வெச்சு யார்னு கண்டுபிடிச்சு ஆத்துல கலாட்டா ஆயிடப்படாது. அது எங்க பத்திரிகையோட சத்தியம்."

"கவர்ல முத்திரை?"

"மாட்டுங்கா."

"மாட்டுங்காவுல ஒரு கல்லை விட்டெறிஞ்சா ஒரு தமிழன் தலையிலதான் விழும்," என்றேன். "நல்ல துப்பு."

"என்ன கதை எழுதறார்?" என்றார் பாய்.

அதுவரை பயந்துகொண்டிருந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பயம் போய் முகத்தில் ஒரு களை வந்தது. "சார், மெட்ராஸ்லேருந்து ரெண்டு வாரப் பத்திரிகை வர்றது. ஒண்ணுல இளவரசன் செங்கதிரன் தொடர்கதை. இன்னொண்ணுல அரக்கி தூமகேசி. ரெண்டு பத்திரிகைக்கும் எலியும் பூனையும்தான். ஆனா படிக்கறவாளுக்கு ஆசை இருக்குமோன்னோ? செங்கதிரன் போய்த் தூமகேசிகிட்ட மாட்டிண்டா என்ன ஆகும்? ஒருத்தரும் எழுத மாட்டா. வால்நட்சத்திரம் எழுதினார்! இளவரசனைக் கூட்டிண்டு போய் அரக்கியோட குகைல விட்டுட்டார்."

"கலப்புமணம்னு சொல்லுங்க," என்றேன்.

"கல்யாணம் இன்னும் ஆகலை. அதுக்குள்ள போலீஸ் வந்துடுத்து." அவருக்கு உண்மையாகவே அந்த வருத்தம் இருந்தது. "அசல் தூமகேசி மலையைப் பிடுங்குவா, கர்ஜனை பண்ணுவா. இவரோட தூமகேசி அப்படி இல்லை. ஊஞ்சல்ல உக்காந்துண்டு வெத்தலை மடிக்கறா. இளவரசன்கிட்ட விஷப் பாலை நீட்டி, 'சூடு ஆறிப்போனா என்னைக் குத்தம் சொல்லாதேங்கோ'ன்னு சொல்றா! சிரிக்காதவாளே கிடையாது சார். கருத்துப் பக்கத்தைப் பாருங்கோ, எல்லாரும் அந்த வசனத்தைத்தான் எழுதியிருக்கா."

பாய் கதையைப் புரட்டிப் பார்த்தார். ஊஞ்சல், தாமரைக் கல், மயில் பதக்க அட்டிகை, எல்லாம் எழுத்தில் இருந்தன. பூலோகம் ஈயைக்கூடச் சொந்தமாகப் போடவில்லை. ஆனால் இதை இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார், எழுதினவனும் அவன்தான் என்பார்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார் பாய். "அவர் அனுப்பினதை அப்படியே எழுதினீங்களா? எதையாவது விட்டீங்களா?"

அனந்தநாராயணன் மை விரல்களைப் பிசைந்தார். "ஒரே ஒரு இடம் சார். குதிரை."

"குதிரையா?"

"அவர் எழுதினதுல குகை வாசல்லயே குதிரையைப் பாம்பு கடிச்சுடறது. இளவரசன் அதைக் கட்டிண்டு ரெண்டு பக்கம் அழறான். ஒப்பாரி சார்! எனக்குப் பக்கம் இல்லை. கருத்துக்கு வேற இடம் விடணும். அதனால பாம்பையும் வெட்டி, அழுகையையும் வெட்டி, குதிரையோடயே உள்ள கூட்டிண்டு போயிட்டேன். படத்துக்கும் குதிரை எடுப்பா இருக்கும்னு பூலோகத்துகிட்ட சொன்னேன்."

"குதிரை செத்தது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும். எழுதினவருக்குத் தெரியும். மூணாம் பேருக்குத் தெரிய வழியே இல்லை."

கிராம்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

மாட்டுங்கா போகிற பஸ்ஸில் எனக்கு எல்லோர்மேலும் சந்தேகம் வந்தது. "அந்த அய்யர்மேலயே எனக்கு ஒரு கண்ணு பாய். மூலத்தைக் கிழிச்சுப் போடுதேன்னு சொல்லுதவனை நம்பலாமா? இல்லேன்னா படிச்சவன்ல எவனாவது கதையைப் படிச்சு, கல்லைக் கண்டுபிடிச்சு, அட்டிகையை அடிச்சிருப்பான். வீடு வீடாப் போயிருக்கே, எத்தனை பேரைத் தேட?"

"படிச்சவன் வீட்டைக் கண்டுபிடிக்கணும்னா, வீட்டை முன்னாலயே தெரிஞ்சிருக்கணும். எழுதினவனும் அந்த வீட்டைத் தெரிஞ்சவன்தான், அங்கேருந்தே தொடங்குவோம்."

"பூலோகத்துக்கு ஜன்னல் வழியாத் தெரிஞ்சிருக்கலாமே." சொன்ன பிறகு என் நாக்கையே நான் கடித்துக்கொண்டேன். அவனோடு பன்னும் சாயாவும் பகிர்ந்து சாப்பிட்டவன் நான்.

"நீயே சந்தேகப்படுறே. இன்ஸ்பெக்டர் படமாட்டாரா?" என்றார் பாய்.

வெங்கடராமன் வீடு கீழ்த்தளத்தில் இருந்தது. வாசலில் பேர்ப்பலகை, பூலோகத்தின் கை. வெயிலில்கூட எழுத்து மங்கவில்லை. கதவைத் திறந்தவர் ஐம்பதை நெருங்கும் மனிதர், மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் விபூதி, கண்ணில் சூப்பரின்டெண்டென்ட். அட்டிகை போனதிலிருந்து லீவில் இருந்தார்.

பாய் தன் பழைய இன்சூரன்ஸ் கார்டை நீட்டினார். அந்தக் கம்பெனியை விட்டு எத்தனையோ வருஷமாயிற்று, கார்டை மட்டும் விடவில்லை. "அட்டிகை விஷயமா."

"நான் இன்ஷூர் பண்ணலையே. போலீஸ் அனுப்பினாளா?"

பாய் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் போனேன்.

கூடத்தில் ஊஞ்சல். பித்தளைச் சங்கிலி. அடியில் எட்டு இதழ்த் தாமரைக் கல். பென்சில் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பூலோகத்துக்கு எதிராக இந்த வீடே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"அந்தப் படம் உங்க கையில எப்படி வந்துச்சு?" என்றார் பாய்.

"பக்கத்துப் போர்ஷன் மாமி இந்தக் குப்பையெல்லாம் வாங்குவா. அவா ஆத்துல தற்செயலா பாத்தேன். உடனே தெரிஞ்சுபோச்சு. பெயின்டர் பய வேலை."

"கதையைப் படிச்சீங்களா?"

"நானா?" அவர் கோபத்தில் ஊஞ்சல் ஆடியது. "நான்சென்ஸ்! என் செக்ஷன்ல எந்தப் பயலாவது மாயாஜாலக் குப்பையை டிராயர்ல வெச்சிண்டிருந்தா நானே பிடுங்கிண்டு வந்துடுவேன். மந்திரம், அரக்கி, பறக்கற குதிரை! வயசுக்கு வந்தவன் படிக்கறதா அது?"

பாய் கல்லைப் பெயர்க்கச் சொன்னார். வெங்கடராமன் ஊஞ்சலை ஒதுக்கி, முணுமுணுத்துக்கொண்டே பெயர்த்தார். குழிக்குள் வளையல்கள், ஒரு சங்கிலி, வெள்ளிச் சிமிழ், வெல்வெட் பெட்டி. பெட்டி மட்டும் காலி.

"வளையலைத் திருடன் விட்டுட்டானே?"

"அவசரத்துல விட்டிருப்பான்."

"அவ்வளவு அவசரத்துலயும் காலிப் பெட்டியை மூடி, கல்லையும் சரியா வெச்சிட்டுப் போயிருக்கான். நல்லா வளர்த்த பிள்ளை," என்றேன். அவர் என்னை முறைத்தார்.

அப்போது அடுக்களையிலிருந்து அவர் மனைவி வந்தார். பார்வதியம்மாள். அந்தப் புழுக்கத்தில் எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் தலைப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்து மூடிப் போர்த்திக்கொண்டு, கையில் காப்பித் தட்டோடு நின்றார். கணவருக்கு வெள்ளி டம்ளர், எங்கள் இருவருக்கும் கண்ணாடி கிளாஸ். மாட்டுங்காவில் இது எனக்குப் புதிதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றுதான் இருக்கும். வெங்கடராமன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பாயை முறைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "சூடு ஆறிப்போனா என்னைக் குத்தம் சொல்லாதேங்கோ."

எனக்குப் புரைக்கேறிவிட்டது. காப்பி மூக்கு வழியாக வந்தது. பாய் என் தலையில் தட்டினார், கொஞ்சம் பலமாகவே. செம்பூரிலிருந்து தாராவி வரை எல்லோரையும் சிரிக்கவைத்த அரக்கி எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்!

அந்த அம்மாள் உள்ளே போனதும் பாய் புதிய கிராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். ஊர் நியாயம் பேசுகிற தோரணையில் ஆரம்பித்தார்.

"நீங்க சொன்னது சரிதான் சார். நான் அந்தக் கதையைப் படிச்சேன். எழுதினவன் கூறுகெட்டவன். இளவரசன் குதிரையோட குகைக்குள்ள வர்றானாம். ஊஞ்சல் தொங்குற கூடத்துல குதிரை எங்க நிக்கும்?"

வெங்கடராமனின் தாடை அசைந்தது.

"நின்னாலும் சாணியை யாரு அள்ளுறது?" என்றேன் நான். "அரக்கியா அள்ளுவா?"

"இவனுக்குக் குதிரையைப் பத்தியும் தெரியலை, இளவரசனைப் பத்தியும் தெரியலை," என்றார் பாய். "செங்கதிரன் அப்பேர்ப்பட்ட வீரன். அவனை ஜட்கா வண்டிக்காரன் மாதிரி குதிரையோட வீட்டுக்குள்ள நுழையவிட்டிருக்கான். சின்னப் பிள்ளைகூட இப்படி எழுதாது."

"படிக்கறவனை முட்டாள்னு நெனச்சிட்டான்," என்றேன்.

"முட்டாள்னு இல்லை வானம். எழுதினவனுக்கே குதிரைமேல பிரியம் இல்லை."

வெங்கடராமன் எழுந்தே விட்டார். முகம் சிவந்திருந்தது.

"குதிரை உள்ளேயே வரலை, மிஸ்டர்! வாசல்லயே பாம்பு கடிச்சுச் செத்துப்போயாச்சு! பிரியம் இல்லையாம்! ரெண்டு பக்கம் உருகி உருகி எழுதினதை அந்த மடையன் வெட்டி..."

அங்கேயே நின்றுவிட்டார். ஊஞ்சல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அது எந்தப் பக்கத்துலயும் இல்லையே சார்," என்றார் பாய் மெதுவாக. "குதிரை செத்தது தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தர் செம்பூர்ல இருக்கார்."

வெங்கடராமன் ஊஞ்சலில் பொத்தென்று உட்கார்ந்தார். சூப்பரின்டெண்டென்ட் எங்கேயோ போய்விட்டிருந்தார். "மெதுவா பேசுங்கோ. அவ காதுல விழும்."

"நீங்கதான் வால்நட்சத்திரம்."

"பசங்ககிட்ட பிடுங்கிண்டு வந்ததை ஒரு நாள் புரட்டிப் பாத்தேன். விட முடியலை. அப்புறம் எழுதிப் பாத்தேன். குகைன்னா எப்படி இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்? கண்ணு முன்னாடி இருந்ததை எழுதிட்டேன். படத்தைப் பாக்கற வரைக்கும் எனக்கே உறைக்கலை." கையால் முகத்தை மூடிக்கொண்டார். "ஆபீஸ்ல தெரிஞ்சா என்ன ஆகும்? என்கிட்ட பத்திரிகையைப் பறிகொடுத்தவன்லாம் என் முன்னாடி நின்னு சிரிப்பான்."

எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. "அதுக்காக அந்தப் படத்தை அவன் கதையைப் படிச்சுத்தான் போட்டான்னு தெரிஞ்சும் போலீஸ்ல காட்டிக் குடுத்தீரா? உம்மைப் பாத்து நாலு பேர் சிரிக்கப்படாது, அவன் ஜெயிலுக்குப் போலாம், அப்படித்தானே?"

"வானம், உக்காரு."

"எப்படி பாய் உக்காருவேன்?"

"ஆனா திருடினது அவனா இருக்கலாமே!" என்றார் வெங்கடராமன் அவசரமாக. "கதையைப் படிச்சான். பலகை எழுத வந்தப்போ ஜன்னல் வழியா பாத்த ஊஞ்சல் ஞாபகம் வந்திருக்கும். வேற யாருக்குத் தெரியும்? அட்டிகை போனது நிஜம்தானே?"

எழுதினவர் கிடைத்துவிட்டார், ஆனால் பூலோகத்தின் கழுத்துக் கயிறு இன்னும் அவிழவில்லை. பாயைப் பார்த்தேன். அவர் அடுக்களை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கொஞ்சம் இப்படி வாங்க," என்றார். "இந்த வெயில்ல இப்படிப் போர்த்திக்கிட்டு நிக்கறீங்களே. புழுங்கலையா?"

பார்வதியம்மாள் கதவு மறைவிலிருந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். கணவரை ஒரு பார்வை பார்த்தார். தலைப்பை மெல்ல இறக்கினார்.

கழுத்தில் பச்சைக்கல் அட்டிகை. நடுவில் மயில் பதக்கம்.

"புழுங்கறதுதான்," என்றார். "கழட்ட மனசு வரலை."

"பார்வதி!"

"கத்தாதேங்கோ. பக்கத்தாத்து மாமி பத்திரிகையைக் குடுத்தா. 'இந்த அரக்கி பேசறதைப் பாருடி, வயத்தை வலிக்கறது'ன்னா. படிச்சேன். என் ஊஞ்சல், என் காப்பி, என் பேச்சு! கல்யாணம் ஆன நாள்லேருந்து தினமும் சொல்ற வார்த்தை. யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியாதா? படத்துல கோரைப்பல்! என் அட்டிகையை அரக்கி கழுத்துல மாட்டி ஊர் பூரா அனுப்பியிருக்கார். பழகினவா எல்லாரும் என்னைப் பாத்துன்னா சிரிச்சிருக்கா, எனக்குத் தெரியாமயே."

பாய் தலையசைத்தார். "குழியில இருந்ததுல படத்துல இருந்ததை மட்டும் எடுத்தது ஏன்னு யோசிச்சேன். திருடனுக்கு அந்தக் கணக்கு இருக்காது. கோபத்துல எடுத்தவங்களுக்குத்தான் இருக்கும்."

"ஒரு நாள் வாயைத் திறந்து 'நான்தான் எழுதினேன், தப்புதான்'னு சொல்லட்டும், அப்போ குடுத்துக்கலாம்னு இருந்தேன். இவர் போலீஸ்ல சொல்லியிருக்கேன்னார், விசாரிச்சிண்டிருக்கான்னார். விசாரிக்கட்டுமே, என் கழுத்துலன்னா இருக்குன்னு உள்ளுக்குள்ள சிரிச்சிண்டிருந்தேன். நீங்கள் ஜெயில்னு என்னமோ சொன்னேளே, அது யாரு?"

"உங்க வாசல் பலகையை எழுதினவன்," என்றேன் நான். "பூலோகம். முந்தாநாள்லேருந்து லாக்கப்புல கிடக்கான். நாளைக்குக் கோர்ட்டு. அவன் பெண்சாதி ஸ்டேஷன் வாசல்ல உக்காந்து அழுதுட்டிருக்கா."

அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. கை தானாக அட்டிகையைப் பிடித்துக்கொண்டது. கணவர் பக்கம் திரும்பினார். "ஈஸ்வரா! யாரையோ பிடிச்சு வெச்சிருக்கான்னு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொல்லி என்ன ஆகப்போறதுன்னு..."

"எழுந்திருங்கோ. செருப்பை மாட்டிண்டு கிளம்புங்கோ. நானும் வரேன். இதைக் கழுத்துல போட்டுண்டே வரேன், அந்த இன்ஸ்பெக்டர் கண்ணால பாக்கட்டும்."

வெங்கடராமன் பாயின் கையைப் பிடித்தார். "நகை ஆத்துலயே கிடைச்சுடுத்துன்னு சொன்னாப் போறாதா? கதை விஷயம் எதுக்கு?"

"போதாது சார். நகை கிடைச்சாலும், உங்க வீட்டுக்குள்ள இருக்கறது அவனுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு போலீஸ்காரன் கேப்பான். இனிமே மாட்டுங்காவுல எந்த வீட்டுல என்ன காணாமப் போனாலும் பூலோகம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவான். எழுதினது யாருன்னு உங்க வாயால வரணும்."

டாக்சியில் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம். எனக்கே கிண்டல் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷன் வாசலில் சண்முகவடிவு எழுந்து நின்றாள். பாய் அவளையும் உள்ளே அழைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அட்டிகையைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், பிறகு வெங்கடராமனைப் பார்த்தார். வெங்கடராமன் மேஜை விளிம்பைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்தார்.

"ஜோர் ஸே போலோ," என்று சத்தமாகச் சொல்லச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

அதற்குள் உள்ளேயிருந்து பூலோகத்தைக் கூட்டிவந்துவிட்டார்கள். இரண்டே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வலது கையில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. துணிக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கி, கருநீலமாக இருந்தன. தூரிகை பிடிக்கிற விரல்கள். 'எழுதினதும் நான்தான்' என்று ஒத்துக்கொள்ளச் சொல்லி அடித்திருக்கிறார்கள். இவன் ஒத்துக்கொள்ளவில்லை. சண்முகவடிவு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லுங்கோ," என்றார் பார்வதியம்மாள்.

வெங்கடராமன் நிமிர்ந்தார். "அந்தக் கதையை எழுதினது நான்," என்றார், தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி. "வால்நட்சத்திரம் நான்தான். இவன் நான் எழுதினதைப் படிச்சுப் படம் போட்டான். இவன்மேல ஒரு தப்பும் இல்லை. அது எனக்கு முதல்லேருந்தே தெரியும்."

பாய் அதை இந்தியில் இன்ஸ்பெக்டருக்குச் சொன்னார். மூலையில் இருந்த ஒரு போலீஸ்காரன் களுக்கென்று சிரித்தான்.

பூலோகம் சிரிக்கவில்லை. அவன் வெங்கடராமனையே பார்த்துக்கொண்டு நின்றான். வாய் திறந்திருந்தது. பிறகு அந்த ஒட்டிப்போன முகம் மலர்ந்தது பாருங்கள், அதை நான் என்னவென்று சொல்ல! கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"நீங்களாய்யா? நீங்களா வால்நட்சத்திரம்?" என்றான். "அந்தத் தூமகேசி ஊஞ்சல்ல ஆடிக்கிட்டே பேசுவாளே, அதைப் படிச்சிட்டு எனக்குத் தூக்கமே வரலைய்யா. இந்த ஆளை ஒரே ஒரு தடவை கண்ணால பாத்துரணும்னு கிடந்தேன். இங்க வச்சா பாக்கணும்!"

வெங்கடராமனின் கண் அந்த வீங்கிய விரல்களைவிட்டு நகரவில்லை.

பூலோகம் கும்பிடக் கையைத் தூக்கினான். இடது கை வந்தது. வலது கை பாதியில் நின்று நடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினான்.

சண்முகவடிவு இரண்டே எட்டில் போய் அவன் கையைப் பிடித்து இறக்கினாள்.

"வேண்டாம், இறக்குங்க," என்றாள். அழுகை இல்லை, குரலும் உயரவில்லை. "அவருக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு. அவரு கும்பிடட்டும்."

மூலையில் சிரித்தவன் வாயை மூடிக்கொண்டான். பார்வதியம்மாள் கணவரைப் பார்த்தார். வெங்கடராமன் சூப்பரின்டெண்டென்ட் பதவி, வெள்ளைச் சட்டை, விபூதி எல்லாவற்றோடும் அந்த பெயின்டர் முன்னால் நின்று, இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார்.